அரக்கு, கத்திரிப்பூ, ஆனந்தா

"ஒகட்டி... ரெண்டு... மூடு... நாலுகு..."

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயடியில் நின்றபடி சந்திராம்மா சொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இடது கையில் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. அதில் எங்கள் குழாய்த் தண்ணீர், அவர் கலந்த மருந்தால் இப்போது அரக்கு நிறத்தில் இருக்கிறது. வலது கையில் மூக்கு வைத்த சின்ன பிளாஸ்டிக் பாட்டில். ஒரு அமுக்கு, ஒரு சொட்டு, குப்பிக்கு ஒரு சுழற்று, ஒரு எண். இருபதைத் தாண்டியதும் குரல் ஏறுகிறது. பொங்குகிற பாலை இறக்கப்போன என் மனைவியைக்கூட, "இருங்க இருங்க, வரப்போவுது" என்று நிறுத்திவைக்கிறார். பால் வழிகிறது. முப்பத்து மூன்றில் அரக்கு கத்திரிப்பூவாகிறது. முப்பத்து நான்கில் பளிச்சென்று நீலம். தொடையில் ஓர் அடி அடித்துக்கொண்டு குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்துகிறார்.

"ஆனந்தா! பாத்தீங்களா சார், ஆனந்தா வந்துச்சு."

ஒரு சொட்டு என்றால் லிட்டருக்கு இருபத்தைந்து மில்லிகிராம் என்பது அவர் கொண்டுவரும் சோதனைப் பெட்டியின் கணக்கு. முப்பத்து நான்கு சொட்டு என்றால் எண்ணூற்றைம்பது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் அதன் பங்காளிகளும் இருநூறுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லை என்றால் அறுநூறு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று பெட்டியோடு வந்த தாள் சொல்கிறது. ஆக, எங்கள் வீட்டுக்கு வந்தது கெட்ட செய்தி. அதைச் சொல்கிறவர் முகத்திலோ கல்யாணக் களை. நிறம் மாறுவதை இதுவரை ஆயிரம் முறையாவது பார்த்திருப்பார். ஆயிரத்தோராவது முறையும் முதல் முறை போலத்தான் பார்க்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில், மலைக்கோயில் கோபுரம் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தெரியும் தூரத்தில் இருக்கிறது எங்கள் தணிகை கார்டன். எண்பத்தாறு வீடுகள். மனை விற்ற நோட்டீஸில் 'சுவையான நிலத்தடி நீர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தச் சுவையான நீரில் துவரம்பருப்பு ஏழு விசிலுக்கும் அசைந்துகொடுக்காது. குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். ஷவரில் நாற்பது துளை என்றால் ஒன்பதில்தான் தண்ணீர் வரும், அதிலும் இரண்டு சுவரைப் பார்த்து அடிக்கும். கீசர் இரண்டு வருடத்தில் கண்ணை மூடும். இங்கே குடிவந்த ஆண்கள் எல்லோரும் முடி கொட்டியதற்குத் தண்ணீரைத்தான் காரணம் சொல்கிறோம். என் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வழுக்கைதான் என்பதை நான் வெளியே சொல்வதில்லை.

சந்திராம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது பொதட்டூர்பேட்டையில். அப்பா நூலுக்குச் சாயம் போட்டவர். கொதிக்கிற தொட்டியில் நூல் சிட்டங்களை எத்தனை முறை முக்கி எடுக்கிறோம் என்பதை அவர் தெலுங்கில் எண்ணுவாராம். "எங்க நைனா தொட்டிகிட்ட நின்னுகினு எண்ணுவாரு சார், அது அப்டியே நாக்குல ஒட்டிகிச்சு" என்பார். மற்றபடி வீட்டில் தமிழ், கடையில் தமிழ், சண்டையிலும் தமிழ். எண் வந்தால் மட்டும் தெலுங்கு. நிறங்களும் அவருக்குச் சிவப்பு, நீலம் என்று மொட்டையாக இருக்காது. அரக்கு, கத்திரிப்பூ, மாம்பழம், கிளிப்பச்சை, மயில்கழுத்து, ஆனந்தா என்று சேலைக்கடைப் பெயரோடுதான் இருக்கும். என் மருமகன் புதிதாக வாங்கிய காரைப் பார்த்து, "வெங்காயக் கலரு, நல்லா கீது" என்றார். மருமகன் அதை இன்னும் மறக்கவில்லை.

தொழில், பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது. ஆசிரியைகள், பேங்க் பெண்கள், தாலுகா ஆபீஸ் பெண்கள் என்று வாடிக்கை நிறைய. ஆனால் தணிகை கார்டன் தண்ணீரில் கறுப்புச் சேலையை அலசினால் காய்ந்ததும் அங்கங்கே வெள்ளை படரும். அவர் பாஷையில் அது "சேலைக்குத் தேமல்". அதற்குப் பயந்து டிவிஎஸ் வண்டியில் முன்னால் ஒரு கேன், பின்னால் இரண்டு கேன் கட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போவார். நந்தியாற்றங்கரை அடிபம்பு, பழைய ரைஸ்மில் கிணறு, கீழ்த்தெரு போர்வெல் என்று சுற்றுவட்டாரத்தில் அவர் வாய் வைத்துப் பார்க்காத தண்ணீர் கிடையாது. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குழாய் வாயை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே, "பருப்பு எத்தினி விசிலு?" என்று கேட்பார்.

கணவர் துளசிங்கம் விசைத்தறி மெக்கானிக். அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு என்று எங்கே தறி நின்றுபோனாலும் தோள்பையோடு பஸ் ஏறிவிடுவார். பை நிறைய ஸ்பேனர். பேச்சு மட்டும் கஞ்சம். மனைவி பேசுவதில் தனக்குள்ள பங்கும் சேர்ந்தே போய்விடுகிறது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பெட்டி வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. குடிநீரைச் சோதித்துப் பார்க்க ஊராட்சியில் ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒருநாள் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு நீலப் பெட்டியும் கொடுத்தார்கள். உள்ளே குப்பிகள், சொட்டு பாட்டில்கள், காரத் திரவம், தண்ணீரைச் சிவப்பாக்கும் நிறப்பொடி, நிறம் பார்க்கும் அட்டை. மற்ற நான்கு பெட்டிகளும் பத்திரமாகப் பரணில் இருக்கின்றன. சந்திராம்மாவின் பெட்டி மட்டும் மூலை தேய்ந்து, கைப்பிடி உடைந்து, சேலைக்கரை நாடா கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது. ஊறுகாய் டப்பா மாதிரி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. கல்யாண மண்டபத் தண்ணீர், மலையடிவார டீக்கடைத் தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாவற்றையும் சோதித்தார். ஐப்பசியில் ஒருநாள் மழைநீரைச் சோதித்தபோது ஒரே சொட்டில் நீலமாகிவிட்டது. நனைந்துகொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து காட்டினார்.

சோதித்தால் மட்டும் போதாது அல்லவா? எந்த வீட்டில் எத்தனை சொட்டு என்பதை அந்தந்த வீட்டு கேட்டிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார். முப்பத்து நான்கு, முப்பத்தைந்து, முப்பத்து மூன்று. கேட்டுக்குக் கேட்டு எண்கள். பால்காரருக்கே குழப்பம். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹேமநாதன் மட்டும் தன் கேட்டில் இருந்த எண்ணை ஈரத்துணியால் துடைத்தார். சந்திராம்மா மறுபடி எழுதினார். அவர் மறுபடி துடைத்தார். இது ஒரு மாதம் நடந்தது.

ஹேமநாதன் கெட்டவர் இல்லை. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிவப்பு என்றால் நிற்க வேண்டும், பச்சை என்றால் போக வேண்டும். நடுவில் ஒரு பெண் வந்து கத்திரிப்பூ என்றால் அவருக்குக் குழப்பமாக இருக்காதா? எங்கள் டேங்குக்குத் தண்ணீர் தந்த பழைய போர் காலை வாரியதால் புது போர் போட வேண்டும் என்பதில் அவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் டேங்க் பக்கத்திலேயே போட வேண்டும் என்றார். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் கையில் அங்கேதான் தேங்காய் எழுந்து நின்றதாம்.

சந்திராம்மா அங்கே வேண்டாம் என்றார். டேங்க் இருப்பது மேட்டில், பாறைக்கு மேலே. அங்கே எத்தனை அடி போனாலும் கல்லுத் தண்ணிதான் வரும் என்றார். தாழ்வான கோடியில், 'பூங்கா' என்று பலகை மட்டும் வளர்ந்திருக்கும் காலி இடத்தை ஒட்டி ஏரிக்கரை வருகிறது. கரைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் தண்ணீர் குடிக்கும் ஓர் அடிபம்பு உண்டு. அதை மூன்று பருவத்திலும் சோதித்திருந்தார். ஒன்பது சொட்டு. கோடையிலும் பத்தைத் தாண்டவில்லை. இதை ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். அந்தத் தண்ணீரையே ஒரு கேனில் கொண்டுவந்து, அவரவர் அடுப்பில் அவரவர் பருப்பை வேகவைத்துக் காட்டினார். மூன்றாவது விசிலில் பருப்பு குழைந்தது. பெண்கள் அத்தனை பேரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்த ஆண்கள் பின்னாலேயே வந்தோம்.

சங்கக் கூட்டத்தில் ஹேமநாதன் விட்டுக்கொடுத்தார். ஒரு நிபந்தனையும் போட்டார். ஏரிக்கரையோரம் போர் போட்டதும் எல்லோர் முன்னாலும் சோதனை நடக்க வேண்டும். பன்னிரண்டு சொட்டுக்குள் வந்தால் குழாய் பதிக்கலாம்.

"தாண்டிச்சுன்னா அந்த போரை மூடிட்டு, டேங்க் பக்கத்துல போட்டுக்கலாம். நீங்களும் பெட்டியை ஊராட்சியில ஒப்படைச்சிடணும்மா. ஜனங்க தினம் பீதியில இருக்காங்க."

"ஆங், ஒப்படைச்சிட்றேன்" என்றார் சந்திராம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் முந்தானையால் பெட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் தணிகை கார்டனில் அவருக்குப் பெயர் கிடையாது. கஞ்சிக்காரம்மா என்பார்கள். பெட்டி வந்த பிறகுதான் சந்திராம்மா ஆனார். "எங்க வூட்ல கலரு பாத்து சொல்றதுக்கு நைனாவுக்கு அப்பறம் நான்தான் சார்" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதை இழந்துவிடக்கூடும் என்ற பயம் அன்று அவர் நடையிலேயே தெரிந்தது.

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. மலையில் மணி அடிக்கும் நேரம். போர் போட்டு முடித்து இரண்டு நாளாகத் தண்ணீரை ஓடவிட்டிருந்தார்கள். கம்பிவேலிக்குள் எண்பத்தாறு வீடும் கூடிவிட்டது. மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு, சுண்டல் வாசனை. எத்தனையாவது சொட்டில் நீலம் வரும் என்று ஆண்கள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். நான் பத்து என்றேன். என் மனைவி ஒன்பது என்றாள். எங்கள் வீட்டில் அவள் சொல்வதுதான் நடக்கும் என்பதால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஹேமநாதனின் மனைவி வள்ளிநாயகி பட்டுச்சேலையில் வந்து பூஜையை நடத்தினார். புது போருக்குச் செய்ய வேண்டிய எதையும் அவர் விடவில்லை. குழாய் வாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, தேங்காய் உடைத்து, மோட்டாரைப் போட்டதும் முதல் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் பிடித்தார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கற்பூரம் காட்டி முடித்ததும், "முதல் தண்ணியிலயே பாத்துடலாம்மா" என்றார் ஹேமநாதன்.

சந்திராம்மா குடத்திலிருந்து குப்பியை நிரப்பினார். லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. அதைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். போர் போட்டவர், புது போரில் மண் கலங்கல் இருக்கும், போகப்போகத் தெளியும் என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவர் நின்று யோசித்திருப்பார். அன்று எண்பத்தாறு வீட்டுக் கண்களும் அவர் கைமேல் இருந்தன. காரத் திரவத்தை விட்டார், அதே வேகத்தில் நிறப்பொடியையும் போட்டுக் குலுக்கினார். தண்ணீர் சிவந்தது. எண்ணத் தொடங்கினார்.

கூட்டமும் சேர்ந்து எண்ணியது. இரண்டு வருடப் பழக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் தெலுங்கு எண்கள் வந்துவிட்டன. ஏடு, எனிமிதி, தொம்மிதி என்று தணிகை கார்டனே பாடியது. ஒன்பதில் என் மனைவி எட்டிப் பார்த்தாள். சிவப்பு. பத்தில் நான் பார்த்தேன். சிவப்பு. பன்னிரண்டில் குரல்கள் இறங்கின. பதினைந்தில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். இருபத்தைந்தில் சந்திராம்மா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். நிறம் நீலத்துக்குப் போகாமல் புளிக்கரைசல் மாதிரி மங்கியது. நாற்பதில் அவரும் நிறுத்தினார்.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். அதனால் இன்னும் மோசமாகிப்போனது. ஹேமநாதன் ஜெயித்த முகம் காட்டவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். "விடும்மா. உன்னால ஆனதை நீ செஞ்ச" என்றார். சந்திராம்மா தலையை மட்டும் ஆட்டினார். குப்பியைக் கீழே வைத்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கி, மூடி, நாடாவைக் கட்டினார். பெண்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு நகர ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், தண்ணீருக்காக.

அவர் மட்டும் நகரவில்லை. கீழே வைத்த குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"சார், உங்க வேட்டிய கொஞ்சம் புடிச்சுகினு நில்லுங்க."

பிடித்தேன். வேறு என்ன செய்வது? வெள்ளை வேட்டிக்கு முன்னால் குப்பியைப் பிடித்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்தார். சாயத்தொட்டியிலிருந்து எடுத்த நூலை அவர் அப்பா வெள்ளைத்துணி மேல் வைத்துத்தான் பார்ப்பாராம்.

"இது நம்ம அரக்கு இல்ல சார். இதுல மஞ்ச ஓடுது."

பெட்டியைத் திறந்தார். இன்னொரு குப்பியில் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். காரத் திரவத்தை மட்டும் விட்டார். நிறப்பொடியைத் தொடவே இல்லை. பொடி போடாத தண்ணீர் சிவக்கக் காரணமே கிடையாது. சிவந்தது.

திரும்பி வந்து எட்டிப் பார்த்த பெண்களில் ஒருவர், "இது ஆரத்தி இல்ல?" என்றார். அவ்வளவுதான். அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. எங்கள் ஆண்களுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடப்பது அதுதான். பெட்டியில் இருக்கும் காரத் திரவமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. மஞ்சள் அடியில் அந்தச் சிவப்பைப் பிடித்து வைத்திருக்க, நீலம் எங்கிருந்து தெரியும்? நாற்பது சொட்டு என்ன, நானூறு சொட்டு விட்டாலும் தெரியாது.

"குடத்துல மஞ்ச போட்டீங்களாக்கா?" என்று சந்திராம்மா மெதுவாகக் கேட்டார்.

வள்ளிநாயகியின் முகம் வெளுத்துவிட்டது. "புது தண்ணி, வெள்ளிக்கெழம. மஞ்ச போடாம எப்டிம்மா புடிப்பாங்க?"

யாரும் குறை சொல்ல முடியாத பதில் அது. எங்கள் வீட்டில் பிடித்திருந்தாலும் என் மனைவி போட்டிருப்பாள். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. ஆனால் அடுத்த சிக்கல் உடனே முளைத்தது. சொட்டு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் சந்திராம்மா. நாற்பது சொட்டு வீணாகிப்போயிருந்தது. அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து சொட்டு வந்தால் அதிகம். அடுத்த பாட்டில் ஊராட்சிக்கு வர ஒரு மாதம் ஆகும். ஒரு மாதம் போர் வண்டி காத்திருக்காது, எங்கள் சங்கத்தின் ஒற்றுமையும் காத்திருக்காது.

மறுபடி மோட்டார் போட்டார்கள். தண்ணீர் குழாய் வாயில் பூசிய மஞ்சளைத் தொட்டுக்கொண்டுதான் விழுந்தது. ஒருவர் அதைத் துடைக்கத் துணியோடு போனார். வள்ளிநாயகி குறுக்கே நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சளையும் குங்குமத்தையும் துடைப்பதா? ஆண்கள் ஆளாளுக்கு அறிவியல் பேச ஆரம்பித்தார்கள். எல்லாம் கைகலப்பில் முடியும்போல இருந்தது.

"துடைக்க வாணாங்க்கா, அது அப்டியே இருக்கட்டும்" என்றார் சந்திராம்மா. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கணவரைப் பார்த்து, "இன்னாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். துளசிங்கம் தோள்பையைக் கீழே வைத்து, பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். குழாய் வாய்க்கு நாலடி முன்னால், நிலத்திலிருந்து எழும் இடத்தில் ஓர் இணைப்பு இருந்தது. மூன்று திருகில் கழற்றினார். தண்ணீர் அவர் முகத்தில், சட்டையில், பக்கத்தில் நின்ற ஹேமநாதனின் புது வேட்டியில் எல்லாம் பீறிட்டு அடித்தது. யாரும் விலகவில்லை. மஞ்சள் படாத தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது.

பத்து நிமிடம் ஓடவிட்டார். குப்பியை மூன்று முறை கழுவினார். நிரப்பினார். இந்த முறை அவசரமே இல்லை. காரத் திரவம் விட்டு நிறுத்தினார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். நிறமில்லை. வெறும் தண்ணீர். பிறகு பொடி. அரக்கு, அவர் சொன்ன அதே அசல் அரக்கு.

"ஒகட்டி."

இந்த முறை யாரும் சேர்ந்து பாடவில்லை. ஏழில் அரக்கு. எட்டில் அரக்கு. ஒன்பதில் என் மனைவி என் கையைக் கிள்ளினாள். பத்தில் ஓரமாக ஒரு மாற்றம். பதினொன்றை "பதகொண்டு" என்று சொல்லிச் சுழற்றியதும் நிறம் கலங்கி, நீலம் தெரிந்தது. கூட்டம் குதித்தது. சுண்டல் சிதறியது. யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஹேமநாதனே முன்னால் வந்து, ஈர வேட்டியோடு, "நீலம்தாம்மா. போதும், நிறுத்திக்கோ" என்றார்.

சந்திராம்மா தலையை அசைத்தார். "கத்திரிப்பூ சார் இது."

எனக்குக் கோபமே வந்தது. செயலாளரே நீலம் என்கிறார், சனம் நீலம் என்கிறது, இந்த அம்மாவுக்கு என்ன கேடு? அடுத்த சொட்டிலும் வராமல் போனால் பெட்டி போச்சு, போர் போச்சு. ஆனால் அவர் கண் குப்பியை விட்டு நகரவில்லை. பாட்டிலை அமுக்கினார். காற்றுதான் வந்தது. தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி அமுக்கினார். மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கி, விழுந்தது.

"பன்னெண்டு."

ரெண்டைப் போல அந்த எண்ணும் தெலுங்குக்கும் எங்கள் பேச்சுக்கும் பொது. சுழற்றினார். கத்திரிப்பூவுக்குள் இருந்த கடைசிச் சிவப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து போனது. என் வேட்டிக்கு முன்னால் கொண்டுவந்து பிடித்தார். நீலம். சந்தேகத்துக்கு இடமில்லாத, பண்டிகைச் சேலை நீலம்.

தொடையில் அடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. "ஆனந்தா" என்றார், தனக்கு மட்டும் கேட்கும்படி. பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. ஆண்கள் ஓடும் தண்ணீரில் தலையை நீட்டினார்கள். வழுக்கைத் தலைகள்தான் முதலில் நீண்டன. என் தலையும் அதில் உண்டு. ஹேமநாதன் துளசிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். துளசிங்கம் விடச்சொல்லக் கூச்சப்பட்டு ஸ்பேனரோடு நின்றார். மாவட்ட ஆய்வகத்துக்கும் இரண்டு பாட்டில் தண்ணீர் அனுப்ப வேண்டும், கிருமி இருக்கிறதா என்று அங்கேதான் சரியாகப் பார்ப்பார்கள் என்று சந்திராம்மா நினைவூட்டினார். ஹேமநாதன் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் ஆகட்டும் என்றார்.

இத்தனை ஆரவாரத்திலும் வள்ளிநாயகி மட்டும் வேலியோரம் தனியாக நின்றிருந்தார். மஞ்சள் தண்ணீர்க் குடத்தை யாருக்கும் தெரியாமல் வேப்பமரத்தடியில் கவிழ்க்கப் போனார். தன்னால் ஊரே கெட்டுப்போக இருந்தது என்ற வருத்தம் முகத்தில் இருந்தது. சந்திராம்மா ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இத ஏன்க்கா கொட்றீங்க?"

போர் போட்டவரிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா இருந்தது. அதை வாங்கி ஒரு விரல் வழித்து, பூஜைத் தட்டில் ஊற்றிய குடத்துத் தண்ணீரில் கரைத்தார். சற்று முன் எங்கள் எல்லோர் உயிரையும் எடுத்த அதே சிவப்பு தட்டு நிறைய எழுந்தது. அதில் இரண்டு பூவைப் போட்டு, தட்டை வள்ளிநாயகியின் கையில் கொடுத்தார்.

வள்ளிநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு புது போரை மூன்று சுற்றுச் சுற்றினார். பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு மோதிர விரலை அந்தச் சிவப்பில் தோய்த்துக்கொண்டு, பொட்டு வைப்பதற்காகச் சந்திராம்மாவின் நெற்றியை நோக்கி வந்தார்.

சந்திராம்மா இடுப்பிலிருந்த நீலப் பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, தன் நெற்றிக்கு முன்னால் நீட்டினார்.